மீனாட்சிக்கு மூன்றே கால் மணி நேரம், சமணர் மலையில் பதினோரு பேர்

மதுரையிலிருந்து சேலம் வந்து பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அத்தையின் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அரையாண்டு லீவில் மதுரை போகிறவர்களுக்கு உதவட்டும் என்று ஆட்டோ, அறை, தரிசனம், சாப்பாடு என ஒழுங்காக எழுத பஸ்ஸிலேயே திட்டம் போட்டிருந்தேன். எரிச்சல் ஆறவில்லை. எங்கே போகிறதோ பார்ப்போம்.

மாட்டுத்தாவணியில் இறங்கும்போது காலை ஐந்தரை. நான், மாமியார், ஏழாவது படிக்கும் மகள், மூன்று பை. கோவில் ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும். ஆட்டோக்காரர் 400 கேட்டார். பேசிப் பேசி 300. சரி, அத்தைக்கு முட்டிவலி, போகட்டும் என்று ஏறினோம். மாசி வீதி முனையிலேயே வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "இதுக்கு மேல வண்டி விடமாட்டாய்ங்கக்கா, நடந்துருங்க" என்றார். சித்திரை வீதிகளில் வண்டிக்குத் தடை என்பது எனக்கும் தெரியும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாசி வீதிக்கும் சித்திரை வீதிக்கும் நடுவில் ஆவணி மூல வீதி என்று ஒரு முழுச் சுற்று இருக்கிறதே ஐயா! அதோடு விட்டாரா, தெரிந்த லாட்ஜ் இருக்கிறது என்று கூடவே கொஞ்ச தூரம் வந்தார். அந்த லாட்ஜ் இல்லை, வேறொன்றில்தான் தங்கினோம். அங்கும் போனில் 1,400 சொன்ன அறை நேரில் 2,200 ஆகியிருந்தது. கேட்டால் சீசனாம்.

சீசன் என்றால் என்ன என்பது எட்டு மணிக்குப் புரிந்தது. ஒரு பக்கம் சபரிமலை போகிற வழியில் மீனாட்சியையும் பார்த்துவிடும் ஐயப்ப சாமிகள், ஒரு பக்கம் சிவப்பு உடுத்திய மேல்மருவத்தூர் பக்தர்கள், ஆந்திராவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள், பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், அப்புறம் எங்களைப் போல லீவு விட்டதும் கிளம்பியவர்கள். என்ன கூட்டம் என்று அலுத்துக்கொள்ளும்போதே மகள் சொன்னாள், "அம்மா, நாமளும் கூட்டம்தான்."

100 ரூபாய் சிறப்பு தரிசனச் சீட்டு மூன்று வாங்கினேன். முன்னூறு போனாலும் அத்தை சீக்கிரம் உட்காரலாம் என்று கணக்கு. ஆனால் எல்லோரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தார்கள். மூன்றே கால் மணி நேரம்! கம்பித் தடுப்புக்குள் அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசை இரண்டடி நகர்ந்தால் அவரும் கையை ஊன்றி இரண்டடி நகர்வார். எத்தனையோ ஆயிரம் உள்ளங்கை பிடித்துப் பிடித்து அந்தக் கம்பி கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. முன்னால் நின்ற ஒரு பாட்டி தன் கூந்தலில் இருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி மகளுக்கு வைத்துவிட்டார். அந்த மூன்று மணி நேரத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். சன்னதியில் நின்றது எண்ணி ஐந்து நொடி. "நகருங்க, நகருங்க."

காசு கொடுப்பவர்களுக்குத் தனி வரிசை வைத்தால் கூட்டம் குறையாது, கூட்டம் இரண்டாகும், அவ்வளவுதான். திருப்பதியில் நேரம் போட்ட டோக்கன் கொடுக்கிறார்கள், சபரிமலைக்கு முன்பதிவு இருக்கிறது. இங்கே பத்தரை மணிக்கு வா என்று யாராவது ஒரு சீட்டு கொடுத்திருந்தால் நாங்கள் நிம்மதியாக இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருப்போம். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் எல்லோரும் காலையிலேயே வந்து முட்டுகிறோம்.

அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி சன்னதிக்குப் போகும் தள்ளுமுள்ளில் அத்தை காணாமல் போனார். கையில் போன் இல்லை. 2018 பிப்ரவரியில் இந்தக் கோவிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்து, உள்ளே இருந்த கடைகள் எரிந்ததே, அதற்குப் பிறகு நீதிமன்ற உத்தரவால் செல்போனுக்குத் தடை. தடை நல்லதுதான், செல்பி எடுக்கிறவர் பின்னால் சிக்கி நிற்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மகள்தான் நிதானமாக இருந்தாள். "பாட்டி காலைலயே சொன்னாங்கம்மா, தொலைஞ்சா முக்குறுணி பிள்ளையார்னு."

அங்கேதான் இருந்தார். தெப்பக்குளம் வெட்டும்போது கிடைத்தவர் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய பிள்ளையாருக்கு எதிரே, தூணில் சாய்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். "போனு வர்றதுக்கு முன்னாடி நாங்கல்லாம் கோவிலுக்கே வரலையா கண்ணு?" என்று என்னைத்தான் கேட்டார்.

வெளியே வந்ததும் புதுமண்டபம் போகலாம் என்றார். கல்யாணமான புதிதில் அங்கே ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டு, சாமி கும்பிட்டு வருவதற்குள் தைத்து வாங்கியிருக்கிறாராம். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடிய காலம் அது. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். விசாரித்துக்கொண்டு போனோம். ஒரு தையல்காரர் துணியில் சாக்பீஸ் கோடு போட்டபடியே சொன்னார்: "அங்கன இருந்தா கோவிலுக்கு வர்றவுக எங்களத் தாண்டித்தான் போகணும். இங்க எங்களத் தேடி வரணும்ல." தூண்களுக்கு நல்லது நடந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு கூட்டத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் பக்கம் திருப்பிவிட ஒரு பெரிய அம்புக்குறி போர்டு வைக்கக் கூடாதா?

நடை சாத்திய மத்தியான வேளையில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். (வாடகைக் கார். எவ்வளவு என்று சொன்னால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார்.) இந்த ஊரைப் பற்றி ஏன் யாரும் கத்திக் கத்திச் சொல்வதில்லை? அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோவில். அத்தை மரத்தடியில் படுத்துவிட்டார். நானும் மகளும் செட்டிப்புடவுக்குப் போனோம். குகை முகப்பிலேயே பாறையில் செதுக்கிய பெரிய தீர்த்தங்கரர் (சமணர்கள் வணங்கும் குரு), உதட்டோரம் ஒரு இளஞ்சிரிப்பு மாதிரி. பிறகு படியேறிப் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து, அதாவது பழைய காலத் தமிழ் எழுத்து. மகள் ஒவ்வொரு எழுத்தாக விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். ஆயிரம் வருடத்துக்கு மேலான எழுத்து, எந்தக் கம்பித் தடுப்பும் இல்லை, "நகருங்க" என்று சொல்ல ஆள் இல்லை. மலையில் இருந்தவர்களை எண்ணினேன், எங்களையும் சேர்த்துப் பதினோரு பேர். அதில் நான்கு பேர் ரீல்ஸ் எடுக்க வந்தவர்கள், அதிலும் ஒருவன் பாறையில் பெயர் எழுதப் போனான். சத்தம் போட்டேன். இதை எழுதி, நாளைக்கே ஐந்நூறு பேர் அங்கே போனால் என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது.

சாயங்காலம் அத்தைக்குப் பருத்திப்பால். சுக்கும் வெல்லமும் தூக்கலாக, மேலே தேங்காய்ப்பூ தூவி, சூடாக. மார்கழியில் கவிச்சி தொடமாட்டார், அதனால் அவரை அறையில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் சிம்மக்கல் பக்கம் நழுவினோம். கறிதோசை! தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் சுக்காவாக வதக்கிய ஆட்டுக்கறி, கரண்டியால் அழுத்தித் திருப்பிப் போட்டு எடுக்கிறார்கள். அதற்குமேல் குழம்பும் ஊற்றுகிறார்கள். விலை அதிகம்தான். சொத்தில் பாதி எழுதிக் கொடுத்தாலும் தகும். ஜிகர்தண்டாவுக்கு வயிற்றில் இடமில்லாமல் போனது, அந்த வருத்தம் தனி.

மறுநாள் தூக்கம் வராமல் ஐந்து மணிக்கு மூவரும் சித்திரை வீதியைச் சுற்றினோம். பனி. ஸ்பீக்கரில் திருவெம்பாவை. நேற்று மிதிபட்ட அதே இடத்தில் கால் நீட்டி நடந்தோம். உள்ளே ஆடி வீதி, அப்புறம் சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. கோவிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக ஊரையே போட்டிருக்கிறார்கள். எதற்கு? சாமி வெளியே வருவதற்கு. சன்னதிக்குள் எல்லோரும் முட்ட வேண்டாம், நானே உன் தெருவுக்கு வருகிறேன் என்கிற ஏற்பாடு. அழகர்மலையிலிருந்து இறங்கும் கள்ளழகரும் அப்படித்தான், வழிநெடுக நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில், அதாவது சாமி நின்று பூஜை ஏற்கும் இடங்களில், நின்று நின்று வருகிறார். அவரவர் தெருவில் அவரவர் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அவர் வைகை ஆற்றில் இறங்குவது ஒரே இடம், ஒரே நேரம். கொரோனாவில் இரண்டு வருடம் விட்டுப்போய், 2022-ல் எல்லோரும் அதற்கே திரண்டபோது நெரிசலில் இரண்டு பேர் செத்துப்போனார்கள். தேர் ஓடுவதற்காக அகலமாக விட்ட மாசி வீதிகளில் இப்போது பைக்கும் லோடு ஆட்டோவும் நிற்கின்றன, நம் ஆட்டோக்காரர் உட்பட.

உள்ளேயும் போனோம். வரிசை இருந்தது, ஆனால் நடந்துகொண்டே இருந்தது. இலவச வரிசைதான், நாற்பது நிமிடம். ஆக, முந்தின நாள் 300 ரூபாய் தண்டம்.

திரும்பும்போது ஆட்டோ வேண்டவே வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். பெரியார் நிலையத்தில் மாட்டுத்தாவணி போகும் சாதா டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. சேலத்தில் தினமும் ஏறுகிற எனக்கு மதுரையில் அது ஞாபகம் வரவில்லை பாருங்கள். கண்டக்டர் மூன்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அத்தை தன் சீட்டை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் குங்குமப் பொட்டலத்தோடு வைத்துக்கொண்டு, மாட்டுத்தாவணி வரும்வரை வழியில் தெரிந்த ஒவ்வொரு ஆட்டோவையும் முறைத்துக்கொண்டே வந்தார்.