கவுன்சில் காசுதானே

வீட்டைக் காலி செய்த ஒரு பெண்ணுக்காகக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், கட்டியிருந்த டெபாசிட்டில் 650 பவுண்ட் பிடித்தோம். அந்த 650 பவுண்டால் யாருக்கும் நட்டம் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். குடியிருந்த பெண் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் சம்மதித்தார். கவுன்சில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டெபாசிட் விவகாரம் இவ்வளவு சுமுகமாக முடிவது எங்கள் வாடகை ஏஜென்சி அலுவலகத்தில் அபூர்வம். வழக்கமாக ஒரு ஓவன் அடுப்பின் அழுக்குக்கே மூன்று வாரம் மின்னஞ்சல் பறக்கும். ஆனாலும் அந்தப் பெண்ணுடன் பேசிய அந்த ஒரு போன் பேச்சு மட்டும் எனக்கு இன்னும் முடியவில்லை.

லண்டனில் இல்ஃபோர்ட் பக்கம் இரண்டு அறை ஃப்ளாட். மாத வாடகை 1,300 பவுண்ட். இங்கிலாந்தில் 2019 ஜூனிலிருந்து ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்க முடியாது என்பதால் கணக்குச் சரியாக 1,500 வந்தது. 2020 இலையுதிர் காலத்தில் அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு, வீடில்லாதவர்களுக்குக் கவுன்சில் தரும் தற்காலிகத் தங்குமிடத்திலிருந்து வந்தார். டெபாசிட்டையும் முதல் மாத வாடகையையும் கவுன்சில் கட்டியது. வீட்டுக்காரருக்கு ஊக்கத்தொகை என்று தனியாக ஒரு தொகையும் வந்தது. தற்காலிகத் தங்குமிடத்துக்கு அள்ளிக் கொடுப்பதைவிட இது கவுன்சிலுக்கு மலிவு.

வீட்டுக்காரர் முதலில் "டிஎஸ்எஸ் ஆக்கள் வேண்டாம் தம்பி" என்றுதான் சொன்னார். அரசு உதவிப்பணம் பெறுகிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஜூலையில்தான் யார்க் நீதிமன்றம், அரசு உதவி பெறுகிறவர்களை மொத்தமாக மறுப்பது சமத்துவச் சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லியிருந்தது. அதை எடுத்துச் சொன்னேன். அவர் தலையாட்டியது தீர்ப்பைக் கேட்டா, ஊக்கத்தொகையைக் கேட்டா என்று நான் ஆராயவில்லை.

டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு, அதற்கான தகவல் படிவத்தைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். பணம் கட்டியது வேறொருவர் என்றால் அவருக்கும் கொடுக்க வேண்டும். நிறைய ஏஜென்ட்கள் இந்த இரண்டாவதை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. கவுன்சிலுக்கும் ஒரு பிரதி போனது. முடிவில் பணம் திரும்பப் போவதும் கவுன்சிலுக்குத்தான் என்று அதிலேயே எழுதியிருந்தது.

நான்கு வருடம் இருந்தார். வாடகைக்கு அரசு தரும் தொகையின் உச்சவரம்பு 2020 ஏப்ரலிலிருந்து 2024 ஏப்ரல் வரை அசையவே இல்லை. துண்டு விழுந்ததைப் பகுதிநேர வேலையில் வந்ததைக் கொண்டு தானே நிரப்பினார். வாடகை பாக்கி என்று அவருக்கு நான் போன் செய்ததாக நினைவில்லை. பிறகு வரிசையில் காத்திருந்த வீட்டுவசதிச் சங்க வீடு ஒன்று கிடைத்தது. முறையாக அறிவித்துவிட்டுப் போனார்.

காலி செய்தபின் வீட்டின் நிலையை எழுதும் செக்-அவுட் அறிக்கையில் மூன்று விஷயம்: கூடத்துக் கார்ப்பெட்டில் பெரிய கறை, பிள்ளைகளின் அறைச் சுவரில் கிரேயான், ஓவன் சரியாகத் துடைக்கப்படவில்லை. வீட்டுக்காரர் கணக்கு அனுப்பினார். கார்ப்பெட் 900, பெயின்ட் 350, ஓவனோடு சேர்த்துத் துப்புரவு 250. கூட்டினால் 1,500. வீட்டுக்காரர்களின் சேதக் கணக்கு எப்படித்தான் சொல்லிவைத்தாற்போல டெபாசிட் தொகையில் வந்து நிற்குமோ!

"அண்ணை, கார்ப்பெட் நீங்கள் 2017-ல் போட்டது" என்றேன்.

"அதுக்கென்ன தம்பி, கவுன்சில் காசுதானே. அவவின்ர பொக்கற்றில இருந்தே போகுது?"

ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். ஆனால் அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் இரவு பத்து மணிக்கும் ஆள் அனுப்பியவர். அந்தப் பெண்ணிடமிருந்து நேராக எடுக்க வேண்டும் என்றால் 900 என்று வாயைத் திறந்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பேசிப் பேசி மொத்தக் கணக்கை 650-க்குக் கொண்டு வந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அப்புறம்தான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். புது வீட்டில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் சத்தம், ஏதோ பெட்டியை இழுக்கிற சத்தம். தொகையைச் சொன்னேன். சம்மதம் இல்லையென்றால் திட்டத்தின் நடுவரிடம் போகலாம், செலவு கிடையாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வது என் கடமை.

"மீதி எனக்கு வருமா?" என்று கேட்டார்.

"இல்லை, கவுன்சிலுக்குத்தான் போகும்."

"அப்படியென்றால் சரி. அது என் காசு இல்லையே, நான் எப்படி வேண்டாம் என்பது?"

நான் கொஞ்சம் பேசாமல் இருந்தேன். அவர் நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

அந்த இடைவெளியில் எனக்குச் சொல்லத் தெரிந்தது நிறைய இருந்தது. டெபாசிட் வீட்டுக்காரரின் பணமே அல்ல, கழிக்க வேண்டுமென்றால் சேதத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும். பழையதற்குப் பதில் புதுசு வாங்கித் தர நடுவர் சம்மதிக்க மாட்டார். எட்டு வருடம் உழைக்கும் என்று வைத்தால், ஏழு வருடம் ஓடிய கார்ப்பெட்டில் மிச்சம் நூற்றுச் சொச்சம் பவுண்ட்தான். நான்கு வருடம் பிள்ளைகள் வளர்ந்த அறைக்கு எப்படியும் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும். நடுவரிடம் போயிருந்தால் முந்நூறைத் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். இன்னொன்று, சில கவுன்சில்களின் படிவத்தில் ஒரு வரி இருக்கும்: டெபாசிட்டில் பிடிக்கப்பட்ட தொகையைக் குடியிருந்தவரிடம் கடனாகத் திரும்பக் கேட்கலாம் என்று. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தை நான் பார்த்ததில்லை. அந்த வரி அதில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்.

நான் வீட்டுக்காரரின் ஏஜென்ட். என் கமிஷன் அவருடைய வாடகையிலிருந்து வருகிறது. எதிர்த் தரப்புக்கு வாதம் எடுத்துக் கொடுப்பது என் வேலை இல்லை. கொடுத்தால் அது அவருக்குத் துரோகம் என்றுகூடச் சொல்லலாம். சொல்ல வேண்டிய உரிமையைச் சொல்லியும்விட்டேன். இந்த இடம்வரை எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அதை நான் சொன்ன தொனி இருக்கிறதே, விமானத்தில் பாதுகாப்பு அறிவிப்புப் படிப்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் உயிரோடு படிப்பார்கள்.

பணமாகத் தராமல் காகித உத்தரவாதம் மட்டும் தரும் கவுன்சில்களிடம் இப்படி நடக்காது. அங்கே வீட்டுக்காரர் காசைக் கையில் பார்க்க அவர்களிடமே விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரி ரசீது கேட்பார், படம் கேட்பார், கார்ப்பெட்டின் வயதைக் கேட்பார். வீட்டுக்காரர்களுக்கு அந்தக் காகிதம் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பணமாகக் கட்டிவிட்டால் அதற்காக வாதாட ஆளில்லை. கட்டியவருக்கு நூற்றுக்கணக்கில் கோப்புகள், இருந்தவருக்கு அது தன் காசில்லை. நடுவில் இருப்பவன் நான் ஒருவன்தான், நானோ வீட்டுக்காரர் பக்கத்து ஆள்.

இன்னொரு விதமாகவும் யோசித்துப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்து அவர் நடுவரிடம் போய், வீட்டுக்காரருக்கு நூறோ இருநூறோ கிடைத்திருந்தால், அடுத்த முறை கவுன்சில் அனுப்பும் தாய்க்கு அந்தக் கதவு திறந்திருக்காது. அரசு உதவி பெறுகிறவர்களை இப்படி மறுப்பதை 2025-ன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது, உண்மைதான். ஆனால் பத்துப் பேர் கேட்கும் வீட்டில் ஒருவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று யாரும் எழுதிவைப்பதில்லை. ஆக, 650 பவுண்ட் கொடுத்து ஒரு வீட்டுக்காரரின் நல்லெண்ணத்தைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நியாயம் எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. அதனாலேயே இதை எவ்வளவு தூரம் நம்புவது என்று தெரியவில்லை. தவிர, அந்த நல்லெண்ணத்துக்கு விலை கொடுத்தது நானும் இல்லை.

அலுவலகத்தில் ஒருமுறை இதைப் பேச்சில் எடுத்தேன். கூட வேலை செய்யும் பெண், "1,500 கேட்டவரை 650-க்கு இறக்கியிருக்கிறாய், பிறகு எதற்குப் புலம்பல்?" என்றார். அவர் சொல்வதும் சரிதான். அவரே கொஞ்ச நேரம் கழித்து, "அவள் தன் காசைக் கட்டியிருந்தால் நீ எவ்வளவுக்கு இறக்கியிருப்பாய்?" என்று கேட்டார். எனக்கு உடனே ஒரு தொகை தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கார்ப்பெட்டை மாற்றவில்லை. பிடித்த பணத்தை அதற்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆள் வைத்து ஒருதரம் கழுவினார், கறை பாதி போனது. அடுத்து வந்தவர் ஐடி வேலையில் இருக்கும் இளைஞர், சொந்தப் பணத்தில் டெபாசிட் கட்டியவர். சாவி வாங்கிய அன்று மாலையே அந்தக் கறையை நான்கு கோணத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். குடிவரும்போது வீட்டின் நிலையைக் குறிக்கும் இன்வென்டரியில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்தேன்.