ஒன்ராறியோவில் வில்வேட்டை: அம்புமுனையை வீட்டிலேயே வெட்டித் தீட்டுவது

இலண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் வில்வேட்டை பற்றிக் கதைத்தால் நம்பமாட்டார்கள். பிரித்தானியாவில் 1981ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் காட்டு விலங்கை வில்லால் கொல்வதைத் தடுக்கிறது. நோர்வேயிலும் அனுமதி இல்லை. ஒன்ராறியோவில் நிலைமை வேறு. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துத் தேர்வில் தேறி, துப்பாக்கி இல்லாமல் வேட்டையாடுவோருக்கான எச்2 தகுதியோடு மாகாணத்தின் வேட்டை அடையாள அட்டையான அவுட்டோர்ஸ் கார்டும் மானுக்கான உரிமமும் எடுத்தால், இலையுதிர் காலத்தில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு வில்லோடு போகலாம்.

புதிதாக வந்தவர்கள் தவறவிடும் ஒரு விடயம்: இந்த மாகாணத்தின் வேட்டைச் சட்டத்தில் வில்லும் "துப்பாக்கி" என்ற வரையறைக்குள்தான் வருகிறது. ஆகவே நாணில் அம்பு கொளுவியபடி வாகனத்தில் இருக்கக்கூடாது. சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரைதான் வேட்டை நேரம். மானுக்கான வில்லின் இழுவை 700 மி.மீ. தூரத்துக்குள் குறைந்தது 18 கிலோ இருக்க வேண்டும். அம்புமுனை அகலமான இடத்தில் 22 மி.மீ.க்குக் குறையக்கூடாது, அதில் குறைந்தது இரண்டு கூரிய வெட்டு விளிம்புகள் வேண்டும். அகலத்தை அதிகாரி அளந்து பார்க்கலாம். கூர்மையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்பு குண்டைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை, இரத்தக் குழாய்களை வெட்டித்தான் கொல்கிறது. மழுங்கிய முனை குழாயை வெட்டாமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், மான் காயத்தோடு மைல் கணக்கில் ஓடும்.

எந்த இரும்பு என்பது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அடுக்குமாடியிலோ வரிசை வீட்டிலோ இருந்தால் உலை வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பல்கனியில் நெருப்பு மூட்டினால் புகையுணரி அடிப்பதற்கு முன்பே கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அவர்களுக்கு உகந்தது பழைய கைவாள் தகடு. கோடைகால கராஜ் விற்பனைகளில் துருப்பிடித்த மரம் அறுக்கும் வாள்கள் கிடைக்கும். அந்தத் தகடு ஏற்கனவே பதம் போட்ட, அதாவது சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய உருக்கு, ஆனாலும் அரம் அதில் கடிக்கும். வெட்டும்போது சூடாக்காமல் இருந்தால் மறுபடி பதம் போடத் தேவையில்லை. பற்கள் கருநீலமாக இருக்கும் புதிய வாள்களில் பல் வரிசையை 10 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எறியுங்கள். அந்தப் பகுதி மட்டும் தனியாகக் கடினப்படுத்தப்பட்டது, அரத்தையே தின்றுவிடும். வட்ட வாளின் தகட்டை நம்ப வேண்டாம், பல்லில்தான் கடின உலோகம் இருக்கும், உடல் எந்த இரும்பென்று தெரியாது. துருவேறா உருக்குக் கரண்டியும் உதவாது, கூர் நிற்காது.

தனி வீடும் கதவு திறந்த கராஜும் உள்ளவர்கள் 1084 என்ற எண்ணுடைய கரிம உருக்கை 1.5 மி.மீ. தடிப்பில் வாங்கலாம். 1095 ஐ முதல் முறையில் தொடாதீர்கள். அதை மிக வேகமாகக் குளிர்விக்க வேண்டும், சாதாரண சமையல் எண்ணெய் அதற்கு ஈடுகொடுக்காது.

வடிவம் நீண்ட முக்கோணம். 28 மி.மீ. அகலம், 70 மி.மீ. நீளம், பின்னால் 8 மி.மீ. அகலமும் 25 மி.மீ. நீளமுமான காம்பு. சட்டம் 22 கேட்கும்போது 28 எதற்கு என்றால், ஒவ்வொரு தீட்டலும் அகலத்தைத் தின்னும். 1.5 மி.மீ. தகட்டில் விளிம்பு சீவிய பிறகு இது ஏறக்குறைய 12 கிராம், அதாவது அம்பு எடைக்குப் பாவிக்கும் அலகில் 185 கிரெய்ன் வரும். கைவாள் தகடு இன்னும் மெல்லியது, முனையும் அதற்கேற்ப இலேசாகும். பின் விளிம்பை உள்நோக்கிக் கொக்கிபோல் வெட்டாமல் காம்பை நோக்கிச் சரிவாக இறக்குங்கள். அப்போதுதான் அம்பைத் திரும்ப இழுக்க முடியும்.

அட்டையில் வடிவம் வெட்டித் தகட்டில் கீறி, இரும்பு அறுக்கும் வாளால் கோட்டுக்கு 1 மி.மீ. வெளியே அறுத்து, மீதியை அரத்தால் எடுங்கள். வெட்டுத் தட்டு பூட்டிய கிரைண்டர் பாவித்தால் சில விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோயுங்கள். கைவாள் தகட்டில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தின் பதம் குறைந்திருக்கலாம். நீலம் போகும்வரை அராவிக் கழிக்க வேண்டும், அல்லது அந்தத் துண்டையே விட வேண்டும். இரண்டு பக்கமும் சமமாக உள்ளதா என்று பார்க்க முனையைத் தாளில் வைத்து வரைந்து, புரட்டி மீண்டும் வரையுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். அரை மி.மீ. பிசகினாலும் பறக்கும்போது காட்டிக்கொடுக்கும்.

1084 ஐப் பதம் போடுவதற்கு முன் விளிம்பைச் சரிவாகச் சீவுங்கள், ஆனால் கூராக்க வேண்டாம், அரை மி.மீ. தடிப்பு விடுங்கள். மெல்லிய விளிம்பு உலையில் கரிமத்தை இழக்கும், தோய்க்கும்போது வளையும், சிலவேளை வெடிக்கும். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸ். அதைத் தாண்டி 815 அளவுக்குப் போக வேண்டும். வெயிலில் இந்த வேலை செய்யாதீர்கள், செந்நிறம் கண்ணுக்குத் தெரியாமல் கூடிய சூடாக்கிவிடுவீர்கள். கூடிய சூட்டில் உருக்கின் மணிகள் பெருத்து, முனை பிஸ்கட் போல ஒடியும். 50 பாகைக்குச் சூடாக்கிய கனோலா எண்ணெயில் நுனி முதலில் போக நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் வளையும். எண்ணெய் தீப்பற்றலாம், ஆகவே மூடியுள்ள உலோகப் பாத்திரமும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்க வேண்டும். எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் இரண்டு தட்டையான இரும்புத் தகடுகளுக்கு நடுவே இறுக்கி ஆறவிட்டால் சிறு வளைவு நிமிரும். பிறகு அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், கடிக்காமல் வழுக்கினால் பதம் ஏறிவிட்டது.

இந்த நிலையில் முனை கண்ணாடியைப்போல் உடையக்கூடியது. எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, சமையலறை ஓவனில் 260 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம் வையுங்கள். கழுவாமல் வைத்தால் வீடு முழுக்க நாறும். பளபளப்பாக்கிய இடம் ஊதா கலந்த பழுப்பாக மாறியிருக்கும். சமையல் கத்திக்கு இது கொஞ்சம் மென்மைதான், ஆனால் விலா எலும்பில் மோதும் முனை கத்தியைவிடத் தாக்குப்பிடிக்க வேண்டும். ஓவன் காட்டும் சூட்டை அப்படியே நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வைப்பது நல்லது.

தீட்டுவதற்கு எட்டு அங்குலத் தட்டை அரம், கரடும் நுண்ணியதுமாக இரண்டு கற்கள், பச்சை மெருகுப் பசை பூசிய தோல்பட்டை போதும். பதம் போட்ட 1084 இல் அரம் தயங்கினால் வைரத் தட்டில் தொடங்குங்கள். முனையை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். ஒரு சாண் தண்டுத் துண்டில் பூட்டி, வெட்டுத் தாங்கும் கையுறையோடு பிடியுங்கள். கோணம் ஒரு பக்கத்துக்கு 20 முதல் 25 பாகை. சரிவு முழுவதும் மார்க்கர் பேனாவால் பூசி இரண்டு முறை தேயுங்கள். மை விளிம்பில் அழியாமல் மேலே மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, விளிம்பில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்கத்தில் நீளமாகப் பிசிறு எழும்பும், விரலை விளிம்புக்குக் குறுக்கே வெளிநோக்கி இழுத்தால் தட்டுப்படும். பிசிறு முழு நீளத்துக்கும் வராமல் பக்கம் மாற்றுவதுதான் பெரும்பாலானோர் "எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை" என்பதற்குக் காரணம். அடுத்தடுத்த கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், தோலில் விளிம்பு பின்னால் வர இழுத்து முடியுங்கள். நுனியில் மட்டும் 1 மி.மீ. அளவுக்குச் சிறு உளி வடிவம் கொடுங்கள். ஊசி நுனி எலும்பில் பட்டால் சுருண்டு கொக்கியாகி, அதோடு முனை உள்ளே போகாது.

தளர்வாகக் கட்டிய இறப்பர் வளையத்தில் மெல்ல இழுத்து, அறுந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். மயிர் மழிக்கும் சோதனை பிசிறு உள்ள விளிம்பையும் தேறவிடும்.

11/32 அங்குல மரத்தண்டில் 25 மி.மீ. ஆழத்துக்குப் பிளவு அறுத்து, சூட்டில் இளகும் பசையோடு காம்பைச் செருகுங்கள். செயற்கை நரம்புநூலைப் பிளவு முடிந்து 10 மி.மீ. கீழிருந்தே சுற்றத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் மோதலிலேயே தண்டு பிளக்கும். பிறகு நுனியைப் பலகையில் ஊன்றி அம்பைச் சுழற்றுங்கள். தண்டு தள்ளாடினால் பசையைச் சூடாக்கிக் காம்பைத் திருத்துங்கள். பயிற்சிக்கு அதே எடையுள்ள கூம்பு முனையைப் பாவித்து, பருவத்துக்கு முன் கூரிய முனையாலும் எய்து பார்த்துவிடுங்கள். எய்த முனை எதுவானாலும் மறுபடி தீட்டியே ஆக வேண்டும், இலக்கின் நுரை கூரைக் கெடுத்துவிடும்.

ஒக்டோபர், நவம்பர் ஈரத்தில் கரிம உருக்கு ஒரே இரவில் துருப்பிடிக்கும். மெல்லிய வாசலின் பூச்சு போதும். மூடியுள்ள அம்புக்கூட்டில் வைத்துக் காரின் பின்பெட்டியில் கொண்டுபோங்கள். நகரத்துக்குள் வில் எய்யும் விதி மாநகருக்கு மாநகர் மாறும் என்பதால் வீட்டு முற்றத்தில் எய்வதற்கு முன் விசாரியுங்கள். பருவத் தொடக்கத்தில் ஒவ்வொரு முனையையும் வெர்னியரால் அளந்து, 24 மி.மீ.க்கு வந்தவற்றை அந்தப் பருவத்தோடு ஒதுக்கிவிடுங்கள். அவற்றை வெறுமையாகக் குப்பையில் போட்டால் குப்பை அள்ளுபவரின் கையைக் கிழிக்கும். தடித்த ஒட்டுநாடா சுற்றி, மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு அனுப்புங்கள்.