ஏழைப் பள்ளத்தாக்கில் ஒரு சனிக்கிழமை

எங்கள் வீட்டில் பாட்டு இரண்டே வகை. ஒன்று கர்த்தருடைய பாட்டு. மற்றதெல்லாம் உலகப் பாட்டு. அப்பா பாளையங்கோட்டையில் ஆலயப் பாடகர் குழுவில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல், பாடியவர். பக்கத்து வீட்டு ரேடியோவில் சினிமாப் பாட்டு ஆரம்பித்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். கோபமெல்லாம் கிடையாது, மழை வந்தால் சாத்துவது மாதிரி.

வேலைக்காக அமெரிக்கா வந்த பிறகு எனக்குக் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புற வழி வந்த இசை பிடித்துப்போனது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது. குடி, துரோகம், வீட்டை விட்டு ஓடியது என்று பாடுகிற அதே ஆள், அதே கிட்டாரை வைத்துக்கொண்டு, அடுத்த பாட்டில் இயேசுவைக் கூப்பிடுவார். கேட்பவர்கள் யாரும் இதை வினோதமாக நினைப்பதாகத் தெரியவில்லை. இது பிறந்த ஊரைப் போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன்.

முதலில் டென்னசி மாநிலத்து நாஷ்வில், ரைமன் அரங்கம். செங்கல் சுவர், கூர்முகடு, நீள ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி. உள்ளே நாற்காலி கிடையாது, வளைந்து வளைந்து போகும் ஓக் பெஞ்சுகள். உட்கார்ந்ததும் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. சின்ன வயசுப் பழக்கம். இது ஆலயமாகக் கட்டப்பட்ட இடம்தான். டாம் ரைமன் நீராவிப் படகுகள் ஓட்டிய முதலாளி. 1885ல் சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியாரின் எழுப்புதல் கூட்டத்துக்குப் போனவர் மனந்திரும்பி வந்தார். அந்தப் பிரசங்கியாருக்கு இனி கூடாரம் வேண்டாம், நல்ல கூரையாகவே போடுவோம் என்று முன்னின்று பணம் திரட்டினார். 1892ல் யூனியன் காஸ்பல் டேபர்னேக்கல் திறந்தது. 1904ல் அவர் இறந்த பிறகுதான் அவர் பெயர் வைத்தார்கள். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சி நடந்தது இந்தக் கூரையின் கீழ்தான். சனிக்கிழமை ராத்திரி நாடே வானொலியில் கேட்ட குரல்கள் எல்லாம் ஆலய பெஞ்சுகளைப் பார்த்துப் பாடப்பட்டவை.

மேடைக்குப் பின்னால் பாடகர்கள் உட்கார சரியான இடம் இல்லாத காலம் அது. பின்கதவைத் திறந்தால் ஒரு சந்து. சந்தைத் தாண்டினால் டூட்ஸீஸ் என்ற மதுக்கடையின் பின்வாசல். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே போய்வருவார்களாம். நானும் அந்தச் சந்தில் நின்று பார்த்தேன். எட்டி நடந்தால் சில அடிதான்.

ராத்திரி அறைக்கு வந்து நான்கு பாட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். 1929ல் கன்ட்ரி இசையின் முன்னோடிகளான கார்ட்டர் குடும்பம் பதிவுசெய்த ஒரு காதல் பாட்டு, பிரிந்து போனவரின் நீலக் கண்ணை நினைத்துப் பாடுவது. ஏறக்குறைய அதே மெட்டில் 1936ல் ராய் ஏகஃப் பதிவுசெய்த பக்திப் பாட்டு. எரேமியா 12ம் அதிகாரத்தில் வருகிற பலவருணமான பட்சியைச் சபைக்கு உவமையாக்கியது. அதே மெட்டில் 1952ல் ஹாங்க் தாம்சன், பார் வெளிச்சத்தைத் தேடிப்போன மனைவியைப் பற்றிப் பாடினார். அதே ஆண்டு அதே மெட்டில் கிட்டி வெல்ஸ் அவருக்குப் பதில் சொன்னார்: இப்படிப்பட்ட பெண்களைத் தேவன் படைக்கவில்லை, மணமாகாதவன்போல் திரிகிற புருஷன்மார்தான் காரணம் என்று. என்பிசி வானொலி நிறுவனம் அந்தப் பாட்டைத் தடை செய்தது. ஆனாலும் பில்போர்டு இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் தனிப் பெண் பாடகி அவர்தான். காதல், சபை, பார், மறுபடி தேவன். ஒரு மெட்டு இருபத்து மூன்று வருஷத்தில் போய்வந்த தூரம் அது. அப்பா இருந்திருந்தால் எந்தப் பாட்டுக்கு ஜன்னலைச் சாத்தியிருப்பார்?

சனிக்கிழமை காலை கிளம்பும் முன், விடுதலையான அடிமைகளுக்காகத் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகம் போனேன். இதை விட்டுவிட்டால் கதை பாதிதான். 1871ல் பள்ளி பணமில்லாமல் தள்ளாடியபோது ஜார்ஜ் ஒயிட் என்ற ஆசிரியர் ஒன்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடக் கிளம்பினார். பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். வயலிலும் மறைவான ஜெபக் கூட்டங்களிலும் அவர்களுடைய பெற்றோர் பாடிய பாட்டுகளை உலகம் கேட்டது அப்படித்தான். அவர்கள் பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நிற்கிறது. ரைமனில் நான் முந்தின நாள் அண்ணாந்து பார்த்த மாடிக்கோ, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்புப் படைவீரர்களின் பெயர் வெகுகாலம் இருந்தது. இரண்டு கட்டடங்களையும் பார்க்காமல் இந்த இசையைப் பற்றிப் பேசக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் கார்ட்டர் குடும்பத்தின் ஊரை நோக்கிக் கிழக்கே சுமார் 300 மைல். வழியில் நேர மண்டலம் மாறி ஒரு மணி நேரம் காணாமல் போகும் என்பதை யோசிக்கவே இல்லை. பிரிஸ்டலுக்கு முதலில் போகிற திட்டத்தை விட்டுவிட்டு நேராகக் கிங்ஸ்போர்ட் வழியாகப் போனேன். பிரிஸ்டலில்தான் 1927ல் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கி, மலைக்காரர்களைப் பாடவைத்தார். இரண்டு வாரத்துக்குள் 76 பாட்டு. அதில் ஞானப்பாட்டு, அதாவது கிறிஸ்தவப் பக்திப் பாட்டு, நிறைய. பதிவானவர்களில் ஏ. பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் சித்தி பெரியம்மா வழித் தங்கை மேபெல் மூவரும் உண்டு. அவசரத்தில் போனாலும் கிங்ஸ்போர்ட்டைக் கடக்கும்போது லெஸ்லி ரிடில் நினைவுக்கு வந்தார். ஒரு காலை இழந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஏ. பி. பாட்டுத் தேடி வீடு வீடாக அலைந்தபோது கூடவே போனவர். ஏ. பி. வரிகளை எழுதிக்கொள்வார், இவர் மெட்டை மனதில் பிடித்துக்கொள்வார். கறுப்பினச் சபைகளின் பாட்டுகள் கார்ட்டர் குடும்பத்துக்கு வந்த வழிகளில் இவர் ஒருவர். அந்தத் தட்டுகளில் அவர் பெயர் இல்லை.

நான் தேடிப்போன கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் என்ற கச்சேரி அரங்கம் இருப்பது வர்ஜீனியாவில், கிளிஞ்ச் மலையடிவாரத்தில். அந்த இடத்துக்குப் பெயரே ஏழைப் பள்ளத்தாக்கு. ஏ. பி.யின் மகள் ஜேனட் 1974ல் அப்பாவின் பழைய மளிகைக் கடையில் சனிக்கிழமைக் கச்சேரியைத் தொடங்கினார். கூட்டம் தாங்காமல் பக்கத்தில் கொட்டகை எழுந்தது. மது கிடையாது. மின்சார வாத்தியம் கிடையாது. அந்த விதியில் சலுகை பெற்றவர் அந்த வீட்டு மருமகனான பாடகர் ஜானி கேஷ். அவருடைய மனைவி, மேபெலின் மகள் ஜூன் கார்ட்டர், 2003 மே மாதம் இறந்துபோக, அதே வருஷம் ஜூலை 5 அன்று இதே மேடையில்தான் கடைசியாகப் பாடினார். செப்டம்பரில் அவரும் போய்விட்டார்.

கச்சேரி ஆரம்பித்ததும் கிழவர்களும் பிள்ளைகளும் மேடைக்கு முன்னால் இறங்கி, லாடம் வைத்த செருப்போடு தரை அதிர ஆடினார்கள். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவனைப் பற்றி ஒரு பாட்டு. அது முடிந்த கையோடு, ஒரு வார்த்தை பேசாமல், ஃபிடில்காரர் ஒரு ஞானப்பாட்டை எடுத்தார். ஆடினவர்கள் அவரவர் இடத்துக்குப் போனார்கள். யாரும் போகச் சொல்லவில்லை. உட்கார்ந்ததும் நாலு குரலில் பாட ஆரம்பித்தார்கள், டெனர் உட்பட. இந்த மலைகளில் பாட்டுப் பள்ளி என்று ஒன்று நடக்கும். முக்கோணம், சதுரம், வட்டம் என்று வடிவம் பார்த்து சுரம் பாடுவார்கள். எங்கள் ஊரில் அப்பா டானிக் சோல்ஃபா என்கிற முறையில் சுரங்களைக் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பாடிய மாதிரியேதான்.

பக்கத்தில் இருந்த பெரியவரிடம் என் சந்தேகத்தைக் கேட்டேன். அவருடைய அப்பா சபையில் மூப்பராம். இரண்டு வகையும் பாடுவாராம். "எப்படி?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க வீட்டுல ஒரே ஒரு பாஞ்சோதான் இருந்துச்சு தம்பி" என்றார், கிட்டார் மாதிரி மீட்டுகிற அந்த வாத்தியத்தைச் சொல்லி.

கடைசியாகக் கார்ட்டர் குடும்பத்தின் வட்டப் பாட்டைப் பாடினார்கள். வட்டம் உடையாமல் இருக்குமா, பரலோகத்தில் எல்லாரும் மறுபடி சேர்வோமா என்று கேட்கிற பாட்டு. 1907ல் அடா ஹேபர்ஷன் எழுத, சார்லஸ் கேப்ரியல் மெட்டமைத்த ஞானப்பாட்டிலிருந்து வந்தது. ஏ. பி. பல்லவியைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டு சரணங்களைப் புதிதாகப் போட்டார். அவருடைய பாட்டில் ஒருவன் ஜன்னலோரம் நின்று அம்மாவைத் தூக்கிப்போக வண்டி வருவதைப் பார்க்கிறான். மெதுவாக ஓட்டு என்று வண்டிக்காரரிடம் கெஞ்சுகிறான். வீடு திரும்பினால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. பல்லவியில் பரலோகம் அப்படியே இருக்கிறது, ஆனால் இப்போது அது அந்த ஜன்னலிலிருந்து கேட்கிற கேள்வி. ஆலயத்துப் பாட்டு கன்ட்ரி ஆனது எனக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். அப்பாவைக் கொண்டுபோன வண்டி எங்கள் தெரு முனையில் திரும்பியது ஞாபகம் வந்து, பல்லவியில் சேர என்னால் முடியவில்லை.

இதைக் கார்ட்டர் குடும்பம் பதிவுசெய்தது 1935ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே சாரா ஏ. பி.யை விட்டுப் பிரிந்திருந்தார். பிரிந்த பிறகும் சேர்ந்துதான் பாடினார்கள். பிறகு விவாகரத்தும் ஆகி, சாரா ஏ. பி.யின் உறவுக்காரர் ஒருவரையே மணந்து கலிபோர்னியாவில் வாழ்ந்தார்.

ஞாயிறு காலை, அருகிலிருக்கும் மவுண்ட் வெர்னான் மெதடிஸ்ட் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏ. பி. 1960ல் இறந்தார். அவர் கல்லில் ஓர் இசைத்தட்டைப் பதித்து, 'கீப் ஆன் தி சன்னி சைட்' என்ற பாட்டின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். சாரா 1979ல் இறந்தபோது அவரைக் கலிபோர்னியாவிலிருந்து இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவர் கல்லிலும் அதே மாதிரி ஓர் இசைத்தட்டு, அதே பாட்டின் பெயர். புல்லில் பனி இருந்தது, செருப்பு நனைந்துவிட்டது. முந்தின இரவு பாட முடியாமல் போன பல்லவியின் டெனர் பகுதியை முதலில் ஏ. பி.யின் கல்லருகே பாடினேன். பிறகு நடந்துபோய் சாராவின் கல்லருகே இன்னொரு முறை பாடினேன்.