இடது முன் சக்கரத்தில் ஆட்டம்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குட்டி யானைக்கு நானே கிரீஸ் அடிப்பேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றிப் போகிற வண்டி. போன வாரம் டயர்களையும் முன்பின் மாற்றிப் போடலாம் என்று இருந்தேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் கொடுத்தாயிற்று.

இடது டயரின் உள்பக்கத்தைத் தடவியபோது கை நின்றுவிட்டது. வெளி விளிம்பில் பள்ளத்தின் ஆழம் 6 மி.மீ., உள் விளிம்பில் 2 மி.மீ.தான். நின்று பார்த்தால் டயர் நன்றாகவே தெரியும், உள்பக்கம் யார் கண்ணிலும் படாது. வலது டயர் சீராக இருந்ததால், வெறும் அலைன்மென்ட் (சக்கரம் நிற்கிற கோணம்) கோளாறு என்று விட மனம் வரவில்லை.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். 'டக் டக்' என்று சத்தம். வீல் பேரிங்காக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தங்கை மகனை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேரிங்கில் ஆட்டம் என்றால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். "மிதிச்சிட்டேன் மாமா" என்றான். ஆட்டம் அப்படியே இருந்தது. அப்புறம் சந்தேகமே இல்லை, கிங் பின்தான், அதாவது முன் சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கிற தடித்த இரும்பு ஆணி. அந்தப் பின் தேய்ந்தால் சுமை ஏறும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிடும். உள் விளிம்பு மட்டும் தேய்ந்தது அதனால்தான்.

மாதாமாதம் கிரீஸ் அடித்தும் எப்படித் தேய்ந்தது? கிங் பின்னின் மேல் நிப்பிளில், அதாவது கிரீஸ் ஏற்றுகிற சின்ன வாயில், கிரீஸ் கன்னை வைத்து அடித்தேன். பழைய கறுப்பு கிரீஸ் இணைப்பில் பிதுங்கி வந்தது. கீழ் நிப்பிளிலும் கிரீஸ் வந்தது, ஆனால் நிப்பிளின் கழுத்தைச் சுற்றி மட்டும். இத்தனை மாதமும் அதைப் பார்த்துத்தான் உள்ளே நிறைந்துவிட்டது என்று துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். நிப்பிளைக் கழற்றினால், வழியை அடைத்துக்கொண்டு காய்ந்த கிரீஸும் மண்ணும் கல் போல இறுகிக் கிடந்தன. கீழ் புஷ்ஷுக்கு, அதாவது பின்னைச் சுற்றி உட்காரும் உலோகக் குழலுக்கு, ஒரு சொட்டும் போகவில்லை.

கிங் பின்னைப் பிடித்திருக்கும் பூட்டு ஆணியைத் தட்டி எடுத்துவிட்டேன். கிங் பின் அசையவில்லை. டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, பித்தளைக் கம்பி வைத்து அடித்த பிறகுதான் இறங்கியது. கீழ் புஷ் உட்காரும் இடத்தில் நகம் வைத்தால் படிக்கட்டு மாதிரி தட்டுப்பட்டது.

புது கிங் பின் செட் வாங்கி, சக்கரத்தைத் தாங்கித் திரும்புகிற ஸ்டப் ஆக்சிலை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். புஷ்ஷை இறக்கி, அதன் உள்துளையை அளவாகச் சீவ ரீமர் ஓட்டுவது வீட்டில் செய்கிற வேலை இல்லை. மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வராவிட்டால் புது பின்னும் சீக்கிரம் போய்விடும். பட்டறைக்கார அண்ணன் புஷ்ஷின் துளையை நிப்பிள் துளைக்கு நேராக வைத்து இறக்கினார். பின்னை மாட்டும் முன்பே கன்னால் அடித்து, உள்ளே கிரீஸ் வருவதைக் காட்டினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிம்மதி.

மாட்டி முடித்துவிட்டேன், ஆட்டம் இல்லை. அலைன்மென்ட் நாளைக்குத்தான். வலது பக்கக் கீழ் நிப்பிளையும் கழற்றிப் பார்த்தேன். பாதி அடைத்திருந்தது, கிங் பின் இன்னும் கெடவில்லை. சுத்தம் செய்து, சக்கரம் தூக்கியபடியே, இணைப்பில் புது கிரீஸ் தெரியும்வரை அடித்தேன்.