வாரியர்ஸ்ல ஷூட்டிங் கார்டு யாரு? நான் மெல்டன் கட்சி

இது 2024-25 சீசனுக்கு முன்னாடி எழுதறது. என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) டீம் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸோட ட்ரெயினிங் கேம்ப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, இந்த தடவை ஹவாய்ல வெக்கிறாங்க, ஆனா ஜூலைல ஆரம்பிச்ச சண்டை எங்க வாட்ஸப் குரூப்ல இன்னும் ஓயல. ஷூட்டிங் கார்டா ஆடுன க்ளே தாம்ப்சன் டாலஸ் டீமுக்கு போயாச்சு, இனிமே ஸ்டெஃப் கரி பக்கத்துல யாரு ஸ்டார்ட் பண்றது, அதாவது மொத அஞ்சு பேர்ல யாரு இறங்கறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. பாதி பேருக்கு பாட்செம்ஸ்கி (சுருக்கமா பாட்ஸ்), ரெண்டு பேருக்கு ஹீல்ட், ஒருத்தன் மட்டும் மூணு வருஷமா மோசஸ் மூடி, மோசஸ் மூடின்னே புலம்பிட்டு கிடக்கான், அவன் விசுவாசத்துக்கு ஒரு பெரிய கும்பிடு. நான் மெல்டன். குரூப்ல துண்டு துண்டா டைப் பண்ணி ஒண்ணும் வேலைக்காகல, எவனும் முழுசா படிக்க மாட்டேங்குறான், அதனால மொத்தத்தையும் இங்க கொட்டிடறேன்.

மொதல்ல க்ளே. அவன் போனது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு, 2011 ட்ராஃப்ட்ல (டீம்கள் வரிசையா புது ப்ளேயர்களை எடுக்கறது) 11வது பிக்கா வந்தவன், நாலு சாம்பியன்ஷிப், ஒரே குவார்ட்டர்ல 37 பாயிண்ட் அடிச்சவன், ஆனா கடைசி மேட்ச் எப்படி முடிஞ்சுது பாருங்க, ஏப்ரல் 16 சாக்ரமெண்டோல ப்ளே-இன் (ப்ளேஆஃப்குள்ள போக கடைசி வாய்ப்பு), பத்து ஷாட் போட்டு பத்தும் மிஸ், ஒரு பாயிண்ட் கூட இல்ல, டீம் 118-94ன்னு மண்ணை கவ்வுச்சு. அந்த ஒரு மேட்சை வெச்சு அவனை எடை போடறவங்க கூட நான் பேசறதே இல்ல, சீசன் முழுக்க கிட்டத்தட்ட 18 பாயிண்ட் ஆவரேஜ் வெச்சிருந்தான். போன வருஷமே ரெண்டு வருஷத்துக்கு 48 மில்லியன் டாலர் தர்றோம்னு கேட்டு அவன் வேண்டாம்னு சொன்னதா செய்தி வந்துச்சு, அப்புறம் பிப்ரவரில பெஞ்ச்ல உக்கார வெச்சாங்க, மொத மேட்ச்லயே யூட்டால 35 அடிச்சு காமிச்சான், ஆனாலும் மனசு விட்டுப் போச்சு போல. டாலஸ்ல மூணு வருஷம் 50 மில்லியன். காசுக்காக போனான்னு சொல்றவங்க கொஞ்சம் வகுத்துப் பாருங்க, வருஷக் கணக்குல அங்க கம்மிதான்.

எங்க ஜெனரல் மேனேஜர் டன்லீவி அதுக்கப்புறம் பண்ணதை நான் பெருசா குறை சொல்ல மாட்டேன். பால் ஜார்ஜை ட்ரேட்ல கொண்டு வர பாத்தாங்க, க்ளிப்பர்ஸ் கூட பேச்சு படியல, அவன் ஃபிலடெல்ஃபியா போயிட்டான். மார்க்கனன் பின்னாடி அலைஞ்சாங்க, ஆகஸ்ட்ல அவன் யூட்டா கூடவே கையெழுத்து போட்டு கதையை முடிச்சுட்டான். பெரிய ஆள் யாரும் சிக்கல. ஆனா க்ளேவை சும்மா போக விடாம அதை ஆறு டீம் சேர்ந்த ட்ரேடா மாத்தி, என்பிஏ வரலாற்றுலயே ஆறு டீம் ட்ரேட் அதான் மொதல் தடவை, அதுக்குள்ள படி ஹீல்டையும் கைல் ஆண்டர்சனையும் இழுத்துப் போட்டாங்க, கூட மிட்-லெவல் எக்செப்ஷன்ல (சம்பள வரம்பைத் தாண்டுன டீமும் ஆள் எடுக்க விடற விதி) ஒரு வருஷத்துக்கு 12.8 மில்லியன்ல டிஆன்தனி மெல்டன். மூணு பேருக்கும் சேர்த்து வருஷத்துக்கு முப்பது மில்லியன் சொச்சம். இப்படி வாங்குனதால டீமோட மொத்த சம்பளம் 178 மில்லியனைத் தாண்டக்கூடாதுன்னு ஹார்ட் கேப் வந்து உக்காந்துக்கிச்சு, நடு சீசன்ல பெரிய ட்ரேட் பண்ணணும்னா தலைவலிதான், ஆனா போன சீசன் சம்பளம் எகிறுனதுக்கு லக்ஸுரி டாக்ஸ் மட்டுமே 170 மில்லியனுக்கு மேல கட்டி வெஸ்ட்ல பத்தாவது இடத்துல முடிச்ச டீமுக்கு இது எவ்வளவோ தேவலாம்.

இப்போ என் பாயிண்ட். எல்லாரும் க்ளே காலி பண்ண இடத்தையே பாத்துட்டு இருக்கானுங்க, க்ரிஸ் பால் காலி பண்ண இடத்தை ஒருத்தன் கூட பாக்கல. 30 மில்லியன் மிச்சம்னு அவனை விட்டப்ப எல்லாரும் கை தட்டுனோம், சரி. ஆனா போன சீசன் ஸ்டெஃப் உக்காந்தா பந்து யார் கையில இருந்துச்சு? 58 மேட்ச் ஆடுனான், மேட்ச்சுக்கு 6.8 அசிஸ்ட், டர்ன்ஓவர் (பந்தை பறிகொடுக்கறது) வெறும் 1.3. வயசாயிடுச்சு, உயரம் இல்ல, டிஃபென்ஸ்ல தேடி வந்து அடிச்சானுங்க, எல்லாம் வாஸ்தவம்தான், ஆனா செகண்ட் யூனிட் (பெஞ்ச்ல இருந்து வர்ற ஆளுங்க) சிதறாம ஓடுச்சுன்னா அவனாலதான். 2024-25 சீசனுக்கு அவன் சான் அன்டோனியோ போயிட்டான். மிச்சம் இருக்கறவங்களை பாருங்க, மூடி பந்தை வெச்சு ஆட்டத்தை நடத்தற ஆள் கிடையாது, ஹீல்டும் கிடையாது, கேரி பேட்டன் கார்டுங்கறது பேருக்குத்தான், சென்டர் பண்ற வேலையெல்லாம் பண்ணுவான், மெல்டன் ஃபிலடெல்ஃபியால ஹார்டன், மேக்ஸி, எம்பீட் கையில பந்தை விட்டுட்டு ஓரமா நின்னு ஆடிப் பழகினவன். ஆண்டர்சன் ஓரளவு நடத்துவான், ஸ்லோ-மோன்னு பட்டப்பேரு வாங்குன வேகத்துல. அவனையும் ட்ரேமண்ட் க்ரீனையும் ஒண்ணா நிறுத்துனா ஷூட்டிங்குக்கு பால்தான் ஊத்தணும்.

ஆக பாட்ஸ் ஒருத்தன்தான் மிஞ்சறான்.

அவன் நல்ல ப்ளேயர், அதுல சண்டையே இல்ல. 2023ல 19வது பிக், மொத வருஷமே ஆல்-ரூக்கி ஃபர்ஸ்ட் டீம், 38 சார்ஜ் (பாஞ்சு வர்றவன் முன்னாடி நின்னு மோதலை வாங்கி அவனுக்கு ஃபவுல் குடுக்க வெக்கிறது) வாங்கி லீக்லயே மொத இடம், ஆறடி நாலு இன்ச்ச வெச்சுக்கிட்டு மேட்ச்சுக்கு கிட்டத்தட்ட ஆறு ரீபவுண்ட். ஆனா ஸ்டெஃப் கூட ஆடறப்ப அவனை கவனிச்சு பாருங்க. ஸ்டெஃப் மேல ரெண்டு பேரு பாயறான், பந்து ட்ரேமண்ட் வழியா கார்னர்ல நிக்கிற பாட்ஸ் கைக்கு வருது, முன்னாடி ஆளே இல்ல, கண்ணை மூடிட்டு போடணும். நம்மாளு போடற மாதிரி ஏமாத்தி ஒரு பம்ப் ஃபேக் பண்றான், ஒரு தட்டு தட்டறான், அதுக்குள்ள டிஃபெண்டர் ஓடி வந்துட்டான், திரும்ப பந்தை மேல அனுப்பறான், ஷாட் க்ளாக்ல ஆறோ ஏழோ செகண்ட் இருக்கு, மறுபடியும் ஸ்டெஃப் வந்து காப்பாத்தணும். 38 பர்சன்ட்டுக்கு மேல போடறவன் எதுக்குடா யோசிக்கிற, காலங்காத்தால ஆபீஸுக்கு கிளம்பற நேரத்துல டிவி முன்னாடி கத்த வெக்கிற! க்ளே கிட்ட எனக்கு பிடிச்சதே இதான், பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போட முடிவு பண்ணியிருப்பான், அது தப்பான ஷாட்டா இருந்தாலும் சரி.

அதே பாட்ஸ் கையில பந்தை குடுத்து, ட்ரேஸ் ஜாக்சன்-டேவிஸையோ லூனியையோ ஸ்க்ரீன் போட விட்டா (டிஃபெண்டர் வழியை மறிச்சு நிக்கிறது) அவன் வேற ஆளு. இடது கையால அந்த ஃப்ளோட்டர், பெரியவன் ஏறி வந்தா மேல லாப், ஓரத்துல ஹீல்ட் ஸ்க்ரீனை சுத்தி ஓடி வந்தா அவன் கைக்கு கரெக்டா பாஸ். ஹீல்டுக்கும் அதான் நல்லது, ஸ்டார்ட் பண்ணா அவன் டிஃபென்ஸையும் ஸ்டெஃப் டிஃபென்ஸையும் சேர்த்து மறைக்க வேண்டி வரும், அது நடக்காத காரியம். ஒரு காலத்துல சாக்ரமெண்டோ ஓனர் ரனதிவே, ஹீல்ட் இன்னொரு ஸ்டெஃப் ஆவான்னு நம்பறாராம்னு செய்தியெல்லாம் வந்துச்சு, அந்த அளவுக்கு வேண்டாம், பெஞ்ச்ல இருந்து வந்து இருபது நிமிஷம் சுட்டுட்டு போனா போதும். உடம்பும் கல்லு மாதிரி, நடுவுல ட்ரேட் ஆனதால போன சீசன் 82 மேட்ச் சீசன்ல 84 மேட்ச் ஆடுன மனுஷன்.

குரூப்ல உடனே ஒருத்தன் கேட்டான், பாட்ஸை தர மாட்டோம்னுதானே மார்க்கனனையே விட்டாங்க, அப்படிப்பட்டவனை பெஞ்ச்லயா உக்கார வெப்பன்னு. அது வேற இது வேற மச்சி. 2014ல எங்க கோச் ஸ்டீவ் கெர் வந்த புதுசுல இக்வதாலாவை பெஞ்ச்ல வெச்சாரு, அதுவரைக்கும் கேரியர்ல ஒரு மேட்ச் கூட பெஞ்ச்ல இருந்து வராதவன், அந்த சீசன் ஃபைனல்ஸ் எம்விபி யாரு? அவன்தான். கெர் இதுக்கெல்லாம் அசர்ற ஆளும் கிடையாது, இப்பதான் பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அமெரிக்க டீம் கோச்சா டேட்டமையே செர்பியா கூட ஒரு நிமிஷம் இறக்காம உக்கார வெச்சு உலகம் பூரா திட்டு வாங்கி, தங்கத்தோட வந்திருக்காரு.

சரி ஏன் மெல்டன்? நல்ல காலத்துல க்ளே பண்ண பெரிய வேலை என்னன்னா, எதிர் டீம் பாயிண்ட் கார்டை அவன் பிடிச்சுக்குவான், ஃபைனல்ஸ்ல வருஷா வருஷம் கைரி இர்விங் பின்னாடி ஓடுனது யாரு, ஸ்டெஃப் இல்ல, க்ளே. 2019ல முட்டி, 2020ல அக்கிலீஸ், அதுக்கப்புறம் சின்ன கார்டுங்களை துரத்த கால் ஒத்துழைக்கல, கடைசில பெரிய ஆளுங்க மேலதான் நின்னான். அந்த வேலை ரெண்டு மூணு வருஷமா விக்கின்ஸ் தலையிலயும் பேட்டன் தலையிலயும் விழுந்துச்சு, பேட்டனுக்கு மாசத்துக்கொரு காயம். ஸ்டெஃபுக்கு 2024ல 36 வயசு. டிஃபென்ஸ்ல ஸ்க்ரீன் ஸ்க்ரீனா இடிச்சுக்கிட்டு ஓடிட்டு, இந்தப் பக்கம் வந்து ரெண்டு பேரு தொங்கறப்ப மூணு பாயிண்டரும் போடணும்னா எப்படி?

மெல்டன் ஆறடி ரெண்டு இன்ச்தான், ஆனா கை ரெண்டும் அவ்வளவு நீளம். ஸ்க்ரீன்ல மாட்டி பின்தங்கிட்டாலும் பின்னாடி இருந்தே வந்து பந்தை தட்டி விடுவான், 2022-23ல மேட்ச்சுக்கு 1.6 ஸ்டீல், அதே சீசன் மூணு பாயிண்டர் 39 பர்சன்ட். பந்து வந்தா போடறான், யோசிக்கறதில்ல. பந்தே வேணும்னு கேக்கறதும் இல்ல. ஸ்டெஃப், மெல்டன், விக்கின்ஸ், குமிங்கா, ட்ரேமண்ட், எதிராளியை விடாம துரத்தற டிஃபென்ஸ் கிடைக்கும், அப்படியே ஸ்டாக்ஹவுஸை டிஃபென்ஸ் பாத்துக்க அசிஸ்டென்ட் கோச்சா எடுத்ததுக்கும் ஒரு அர்த்தம் இருக்கும்.

பயம் ஒண்ணே ஒண்ணுதான், முதுகு. போன சீசன் 38 மேட்ச்தான் ஆடுனான். ஒரு வருஷ காண்ட்ராக்ட் குடுத்ததுக்கு காரணமும் அதான், நல்லா ஆடுனா அடுத்த சம்மர்ல அவன் காசு கூட கேப்பான், அதை அப்போ பாத்துக்கலாம்.

முதுகு மக்கர் பண்ணா? அப்பவும் பாட்ஸை மேல இழுக்க மாட்டேன், மூடியை ஸ்டார்ட் பண்ணுவேன். நின்ன இடத்துல இருந்து போடுவான், தப்பு கம்மி, 2022ல ரூக்கியா டாலஸ் கூட வெஸ்ட் ஃபைனல்ஸ்லயே இறங்கி பயப்படாம ஆடுனவன். ரெண்டு மேட்ச் நல்லா ஆடிட்டு மூணாவது மேட்ச் பெஞ்ச்லயே உக்காந்திருப்பான், மூஞ்சில ஒரு சலிப்பு காட்ட மாட்டான். அவன் காண்ட்ராக்ட்டை நீட்டிக்கிற எக்ஸ்டென்ஷனுக்கு அக்டோபர் 21 வரைக்கும்தான் டைம், அதையும் கோட்டை விட்டுட்டு அடுத்த வருஷம் வெளிய ஆள் தேடினா டன்லீவி பத்தி மேல சொன்னதெல்லாம் வாபஸ்.

கெர் என்ன பண்ணுவாரு? ஆரம்பத்துல பாட்ஸைத்தான் போடுவாருன்னு எனக்கே தோணுது. மொத ரெண்டு மேட்ச் போர்ட்லண்ட், யூட்டா, அங்க யாரை இறக்குனாலும் ஜெயிக்கலாம், அதை வெச்சு குரூப்ல யாரும் ஆட வேண்டாம். நவம்பர் 10 ஓக்லஹோமா, 12 டாலஸ். ஓக்லஹோமா ஷாய்யும் டாலஸ் கைரியும் பந்தை கொண்டு வர்றப்ப முன்னாடி யாரு நிக்கிறான்னு பாத்துட்டு அப்புறம் பேசுவோம்.