செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் உடல் அசைவுகள் சரியாகக் கட்டுப்படாத நிலை) உள்ள குழந்தைக்குச் சோறூட்டும்போது

மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ஊட்டுவதை முதலில் நிறுத்துங்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். உணவு நுரையீரலுக்குள் போகும். அடிக்கடி சளி, நிமோனியா வருவதற்கு இதுவும் முக்கியமான காரணம்.

இடுப்பும் முழங்காலும் 90 டிகிரி மடங்க உட்கார வையுங்கள். பாதங்கள் தொங்கக் கூடாது. பலகையோ தடித்த புத்தகமோ வையுங்கள். தாடை லேசாகக் கீழ்நோக்கி இருக்கட்டும். நின்றபடி ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும், அதனால் எதிரே அதன் கண்மட்டத்தில் உட்காருங்கள்.

கரண்டி தட்டையாக, குழியில்லாமல் இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் வேண்டாம், வெடுக்கென்று கடித்தால் உடைந்துவிடும். அரைக் கரண்டி உணவை நாக்கின் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். உதடு மூடியதும் நேராக வெளியே எடுங்கள். மேல்பல்லில் வழித்துவிட்டால் தலை பின்னால் போகும். விழுங்கிய பிறகே அடுத்த வாய்.

தண்ணீர்தான் பலருக்கும் மிகக் கடினம், வேகமாக ஓடிவிடும். ரசம் சாதமும் அப்படியே: நீர் முந்தும், பருக்கை பிந்தும். கெட்டியாகக் குழைத்த பருப்புச் சாதம் இவற்றைவிடப் பாதுகாப்பானது. நெய் சேர்த்தால் எடையும் ஏறும்.

இருமல், கண்ணீர், சாப்பிட்டபின் கரகரவென்ற ஈரக்குரல் இருந்தால் ஊட்டுவதை நிறுத்துங்கள். சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போகும். அடிக்கடி நெஞ்சுச்சளி வந்தாலோ, ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிடத்தைத் தாண்டினாலோ, எடை ஏறாவிட்டாலோ, விழுங்குதலைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள்.