பதினோராம் அத்தியாயம்

நவம்பர் 11

அப்பாவின் வலது கை இன்னும் அசையவில்லை. பேச்சும் வரவில்லை. பொறுத்துத்தான் பார்க்க வேணும் என்கிறார் டொக்டர். விடிய விடிய மழை.

நவம்பர் 13

அச்சகத்திலிருந்து கோல் எடுத்தார்கள். அப்பாவின் துப்பறியும் நாவலில் பத்து அத்தியாயம் கோர்த்தாயிற்றாம், மிச்சம் எப்போது என்று கேட்டார்கள். அப்பாவுக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னேன். பதினொன்று பாதி வசனத்தில் நிற்பதைச் சொல்ல வாய் வரவில்லை. "தோணியைக் கட்டியிருந்த கயிறு" என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வெறும் தாள். கயிற்றுக்கு என்ன?

நவம்பர் 14

அம்மாவுக்குச் சீனி கூடிவிட்டது. இரவு நான் நின்றேன்.

நவம்பர் 16

பக்கத்துக் கட்டில்காரரின் மகன் கேட்டான்: "ஜட்ஜையா கதை எழுதுவாராமே, உண்மையா?" ஏன் எழுதினார் என்று அவன் கேட்கவில்லை. எனக்கு அதைத்தான் யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

கல்முனையிலும் வாழைச்சேனையிலும் அப்பா நீதவானாக இருந்தபோது, சந்தேகமான சாவு என்றால் இடத்துக்கே போய்ப் பார்ப்பார். சேற்றில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடப்பாராம். பிரேதப் பரிசோதனைக்குக் கட்டளை, சந்தேகநபருக்கு விளக்கமறியல், அப்புறம் சுருக்கமுறையற்ற விசாரணை. சாட்சி சாட்சியாகக் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் பதிந்து முடித்ததும் வழக்குக் கோவை கொழும்புக்கு, சட்டமா அதிபரிடம் போய்விடும். குற்றப்பத்திரிகை வருவது மேல் நீதிமன்றத்துக்கு. அங்கே தீர்ப்பாகும் நேரம் அப்பாவுக்கு இடமாற்றம் வந்து வேறு ஊரில் இருப்பார். எத்தனையோ கொலைகளின் தொடக்கத்தைக் கண்ணால் பார்த்தவர், முடிவைப் பேப்பரில்தான் படித்தார். பேப்பரில் வராவிட்டால் அதுவும் இல்லை. முடிவு வேண்டித்தான் துப்பறியும் கதை எழுதினார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

தனிமையும் ஒரு காரணம். கலியாண வீட்டுக்குப் போக மாட்டார், தேத்தண்ணிக் கடையில் இருக்க மாட்டார். இன்றைக்குச் சிரித்துப் பேசியவன் நாளைக்கு எதிரிக் கூண்டில் நிற்கலாம். பொழுது பட்டால் குவாட்டர்ஸ் மேசையும் ஃபுல்ஸ்கேப் தாளும்தான். இடப்பக்கம் நாலு விரல் ஓரம் விட்டு, வழக்கேட்டில் எழுதுகிற மாதிரியே கதையையும் எழுதுவார். புனைபெயரில் வந்த கதையை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான கோட்டு முதலியார் படித்துவிட்டு, "ஐயா, இந்த வாரம் ஒரு கதை வந்திருக்கு" என்று அப்பாவுக்கே சொல்லிக் காட்டினாராம். அப்பா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

நவம்பர் 19

பிழை பார்ப்பவர் கண்டுபிடித்திருக்கிறார். மூன்றாம் அத்தியாயத்தில் முகத்துவாரம் வெட்டியது, அதாவது வாவியின் வாயை அடைத்த மணலை வெட்டிக் கடலுக்குத் திறந்தது, 14ஆம் திகதி. ஒன்பதில் 11ஆம் திகதி. "ஒன்றாக்கிவிடட்டுமா?" வேண்டாம் என்றேன். அப்பா திகதியில் பிழை விடுகிறவர் இல்லை.

நவம்பர் 20

பாலமீன்மடு மாமா பார்க்க வந்தார். அப்பாவின் காலைத் தடவிக்கொண்டிருந்தவரை வெளியே கூட்டிப்போய்க் கதையைச் சொன்னேன். வட்டிக்குக் கொடுக்கிற மனுசன் 10ஆம் திகதி இரவு கல்லடிப் பாலத்தடியில் காணாமல் போகிறார். 13ஆம் திகதி காலையில் பாலமீன்மடுக் கண்டல் காட்டுக்குள் பிணம். தானாக வந்திருக்குமா?

மாமா யோசித்தார். "வாய் மூடிக் கிடந்தா ஆத்துத் தண்ணி அசையாது மகள். காத்துக்குக் கொஞ்சம் ஒதுங்கும், அவ்வளவுதான். வெட்டிவிட்டா மறுகா கேக்கவேணாம். ஊர்ப்பட்ட சல்பீனியாப் பூண்டு எல்லாம் இழுத்துக்கொண்டு இஞ்சதான் வரும்."

அப்படியென்றால் 11 சரியானால் அது விபத்து. 14 சரியானால் யாரோ தோணியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 23

1978 சூறாவளியின் நாள். அம்மா ஒவ்வொரு வருடமும் இன்றைக்கு அந்த இரவின் கதையைச் சொல்வார். இன்று சொல்லவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல்.

நவம்பர் 24

காய்ச்சல் விடவில்லை. சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். எந்தக் கதையும் வேண்டாம்.

நவம்பர் 27

காய்ச்சல் இறங்கிவிட்டது! கஞ்சி குடித்தார்.

இரவு இரண்டு மணிக்கு, வாட்டு வராந்தாவில் இருந்து மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். 14 என்பது கதை சொல்கிறவரின் வரி. ஒன்பதில் 11 என்று சொல்வது யார்? தோணிக்காரன். அதுவும் எட்டு வருடம் கழித்து, மேல் நீதிமன்றத்தில், சத்தியம் செய்துவிட்டுச் சொல்கிறான். எட்டு வருடத்துக்குப் பிறகு முகத்துவாரம் என்றைக்கு வெட்டியது என்று எந்த வக்கீலுக்கு ஞாபகம் இருக்கும்? சடலத்தைப் பார்த்த நீதவான் அங்கே இல்லை. அவர் எப்போதோ மாற்றலாகிவிட்டார். அந்த இடைவெளிக்குள்தான் அவன் பொய்யை வைத்திருக்கிறான். அப்பாவுக்கு மட்டும்தான் இப்படி ஒரு கதை வரும். தன் வேலையின் ஆறாத குறையையே கொலைகாரனின் கையில் கொடுத்திருக்கிறார். எனக்குக் கை நடுங்கியது. தாதி வந்து தண்ணீர் வேணுமா என்று கேட்டார்.

நவம்பர் 28

காலையில் முகம் கழுவிவிட்டுக் கேட்டேன். "அப்பா, தோணிக்காரன் பொய் சொல்றான், அதுதானே?"

என்னையே பார்த்தார். இடது கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்து, கொப்பியைப் பிடித்துக்கொண்டேன். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆனாலும் படிக்கலாம்.

"ஆதாரம்?"

நவம்பர் 30

வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டாயிற்று. அம்மா என்னோடு கோபம். "மனுசனைப் படுக்க விடு, கதை கிடக்கட்டும்." அம்மா சொல்வதும் நியாயம்தான். ஆனால் கொப்பியைத் தூரமாக வைத்தால் அப்பா இடது கையால் கட்டிலைத் தட்டுகிறார்.

டிசம்பர் 1

பிசியோ. வலது பெருவிரலில் சின்ன அசைவு.

டிசம்பர் 2

ஆதாரம் கதைக்குள்ளேதான் இருக்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட மாட்டார். முகத்துவாரம் வெட்டுவதென்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு கடதாசியாவது இருக்கும். ஐந்தாம் அத்தியாயத்தில் பியோன் கச்சேரியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருகிறான், நீதவான் அதைக் கோவைக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறார். கடிதத்தில் என்ன என்று எங்கேயும் இல்லை. நானே தட்டச்சு செய்த பக்கம் அது. அப்பா எழும்பிவிட்டார், கேட்டுவிட்டு வருகிறேன்.